இடது கார்னர்

ஆத்தூரில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம்.
அதற்குள் ஆறு பேரை மாற்றிவிட்டீர்கள், செயலாளரே.
கூரை ஒழுகினால் ஓடு மாற்றுவார்கள்,
சுவரையா இடிப்பார்கள்?

செவ்வாய்ப்பேட்டை லாரி ஆபீசில்
சீட்டு எழுதுகிறவள் நான்.
மஞ்சள், பதினெட்டு மூட்டை, ஈரோடு
என்று எழுதிய தாளின் பின்பக்கம்
போன வருஷம் முழுக்க நம் கபடிக் கணக்கு இருக்கிறது.
யார் எத்தனை முறை பாடிப் போனான்,
எத்தனை முறை வெறுங்கையோடு வந்தான்,
யார் பிடித்தான்,
யார் பிடித்ததுபோல் விழுந்தான்.
கேட்டால் கொடுத்திருப்பேன்.
கயிற்றுக்கு அந்தப் பக்கம், பெண்கள் வரிசையில்
யாரும் வந்து கேட்கவில்லை.

எண்பதாயிரம் கொட்டி யுகேந்திரனைக் கொண்டுவந்தீர்கள்.
பையன் துள்ளுகிறான், ஒப்புக்கொள்கிறேன்.
ஊரே போனில் பார்த்த அந்தத் தாவலை
நானும் நாலு தடவை பார்த்தேன்.
ஐந்தாவது தடவை எதிரணியைப் பார்த்தேன்.
மூன்று பேர் நின்றார்கள்,
அதில் ஒருவனுக்குக் கால் பிசகியிருந்தது.

அர்த்தனாரியை வைத்துக்கொண்டது தப்பு.
எழுதும்போதே கை கூசுகிறது.
முப்பத்தேழு வயது,
வலது முட்டியில் உறை, இடது முட்டியில் வேண்டுதல்.
தட்டுவடைக் கடையில் எனக்கு முன்னால் நின்றவர்
"அவசரம்னா நீங்க வாங்கிக்குங்க" என்று விலகிய மனுஷன்.
வெளியே உட்கார வையுங்கள்.
அனுப்பிவிடாதீர்கள்.
கடைசி ஐந்து நிமிஷம் அவர் கோட்டுக்கு வெளியே நின்று
கெட்ட வார்த்தையில் திட்டினாலே
நம் பையன்கள் பாதி ஆட்டம் ஆடிவிடுவார்கள்.

வெள்ளையன் விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன்,
முதலிலேயே வந்திருந்தால்
இந்தக் கடிதம் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

பயிற்சிக்கு வரவில்லை என்று
ஒட்டன்சத்திரத்துக்கு விட்டுக்கொடுத்தீர்கள்.
கார்த்திகையிலிருந்து தை வரை காப்பி பறிப்பு.
கொட்டச்சேட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி
உங்கள் மைதானத்தில் ஓடிவிட்டு
எந்த வண்டியில் ஏறிப் போவான்?
மேலும், அவன் செய்துகொண்டிருந்ததே பயிற்சிதான்.
பச்சையைத் தொடாமல்
பழுத்ததை மட்டும் கிள்ளுகிற விரல்.
இருபத்தைந்து நொடி சும்மா நிற்பான்,
கூட்டம் அவனைத் திட்டும், நானும் திட்டியிருக்கிறேன்.
பாடி வந்தவன் போதும் என்று
குதிகாலைத் திருப்புவான் பாருங்கள்,
அப்போது பறிப்பான்.

அறுபத்தொரு பிடி.
ஒவ்வொன்றும் என் கையெழுத்தில்.

போன ஞாயிறு புது பஸ் நிலையத்தில் பார்த்தேன்.
நம் பழைய பச்சைப் பை,
நகக்கண்ணில் காப்பிக் கறை.
நேராக என்னிடம் வந்தான்.
தொண்டைவரை ஏதோ வந்துவிட்டது எனக்கு.
"அக்கா, திண்டுக்கல் வண்டி எங்க நிக்கும்?"

கை நீட்டிக் காட்டினேன்.
தலையாட்டிவிட்டுப் போனான்.
கூட்டத்தில் யாரையும் இடிக்காமல்
ஓரமாகவே நடந்தான்,
மூலையில் நின்று பழகியவன்.

சட்டையை வெள்ளையாக்கப் போகிறீர்களாம்,
ஜவ்வரிசிக் கம்பெனி காசு கொடுக்கிறதாம்.
செம்மண்ணில் வெள்ளையா?
துவைக்கிறவர்களைக் கேட்டீர்களா?
வாசிக்க மாட்டீர்கள் என்று தெரியும்.
சந்தா இருநூறு உள்ளே இருக்கிறது, அதையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

மாசியில் ஒட்டன்சத்திரம் இங்கே வருகிறதாமே.
வந்தால், யுகேந்திரனைத் தனியாகக் கூப்பிட்டு
ஒன்றே ஒன்று சொல்லுங்கள்:
தம்பி, எங்கே வேண்டுமானாலும் துள்ளு,
அந்த இடது மூலைப் பக்கம் மட்டும்
காலை நீட்டாதே.