பொறுப்பு மேலாளர்

மகன் விட்டுப்போன மடிக்கணினியில்
மகன் விட்டுப்போன அணி.
இருபத்து நான்கில் இருபத்து மூன்றாம் இடம்.
திறந்ததும் ஒரு கடிதம்:
'திரு. தர்வின், நிர்வாகம் உங்கள்மீது
நம்பிக்கை இழந்து வருகிறது.'

தர்வின் ஜொகூரில் இருக்கிறான்.
விடியுமுன் மூன்றரைக்கு மோட்டாரில் பாலம் கடந்து
சிங்கப்பூரில் பெட்டி அடுக்குகிறான்.
அவன் பேருக்கு வந்த கடிதத்துக்கு
யாராவது பதில் சொல்ல வேண்டாமா?

நான் புக்கிட் ரோத்தான் மில்லில்
தராசுக் கிராணி. இரவு வேலை.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி
தட்டில் ஏறி நிற்கும், எண் எழும்,
எழுதுவேன்.
காலியாய்த் திரும்பும்போது மறுபடி எழுதுவேன்.
கழித்தால் வருவதுதான் சரக்கு.
லோரிக்கும் லோரிக்கும் நடுவில்
எனக்கு ஒரு காற்பந்து அணி.

முதல் வாரம் ஒன்றும் புரியவில்லை.
உயரமானவர்களைப் பின்வரிசையில் நிறுத்தினேன்,
பள்ளிக்கூடப் படத்துக்கு நிற்பதுபோல.
தற்செயலாய் அதுதான் முறையாம்.
குட்டையன் ஒருவனைக் கோல் காக்க விட்டதுதான் தப்பு.
ஐந்துக்குப் பூஜ்யம்.

ஒவ்வொருவனுக்கும் எண்கள் இருந்தன.
ஓட்டம் பதினொன்று, துணிச்சல் ஒன்பது.
எடையும் போட்டிருந்தது.
அதைத்தான் முதலில் பார்த்தேன்.

பிரிக்ஸ் என்று ஒருவன். முப்பத்து நான்கு வயது.
ஓட்டம் ஐந்து.
விற்றுவிடலாம் என்கிறது கணினி,
வாங்க ஆளில்லை என்றும் அதுவே சொல்கிறது.
வைத்துக்கொண்டேன்.
கார்னர் வரும்போது அவன் தலை மட்டும்
எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கிறது.

ஜனவரியில் அங்கே பனி, ஆட்டம் தள்ளிவைப்பு.
இங்கே மழை. நனைந்த குலை
கூடுதல் கனம் காட்டும்.
எல்லாருக்கும் தெரியும்,
யாரும் எழுதுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான்.
'ஆப்சைடுன்னா என்னாடா?' என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
'ம்மா, யார்கூட இருக்கீங்க?'
'லோரி டிரைவருங்க பேசிக்கிட்டாங்க.'
'பந்து வர்றதுக்கு முன்னாலயே
ஓடிப்போய் நிக்கக் கூடாதும்மா. அவ்ளோதான்.'
சம்பளம் வருமுன்னே மோட்டார் எடுத்தவன் சொல்கிறான்.

சிரித்து முடித்தபின் அவனாகவே சொன்னான்:
சூப்பர்வைசர் மூன்றாம் முறை பேர் எழுதிவிட்டானாம்.
இன்னொரு தடவை லேட்டானால் பெர்மிட் போய்விடுமாம்.
பாலத்தில் நெரிசல் என்றால் காதில் வாங்குவதில்லையாம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
மேசைமேல் திறந்து கிடந்தது
அவன் பேருக்கு வந்த மூன்றாவது கடிதம்.

தோற்ற ஆட்டத்தைச் சேமிக்காமல் மூடிவிட்டு
பழைய இடத்திலிருந்து
மறுபடி ஆடலாம் என்று பிறகுதான் தெரிந்தது.
ஒருமுறை செய்தேன். வென்றேன்.
ஆனால் தோற்ற ஆட்டத்தில் பிரிக்ஸ்
தலையால் முட்டி ஒரு கோல் போட்டிருந்தான்,
வருஷத்தில் அவன் போட்ட ஒரே கோல்.
அதுவும் சேர்ந்து போய்விட்டது.
அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

கடைசி ஆட்டம்.
சமன் செய்தால் போதும், ஒரு புள்ளி.
ஒன்றுக்கு ஒன்று. எண்பத்தெட்டாவது நிமிடம்.
எதிரணிக்குக் கார்னர்.
பிரிக்ஸ் இன்னும் உள்ளேதான்,
பேருக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு,
மாற்று ஆட்டக்காரர்கள் தீர்ந்துவிட்டார்கள்.
பந்து எழும்புகிறது.
வெளியே ஹாரன்.

ஒரு தட்டு. நிறுத்திவிட்டு எழுந்தேன்.
பிரதாபன் லோரி. பின்னால் இன்னும் மூன்று,
மழைக்குள் விளக்கோடு.
பதினெட்டு டன் நானூற்று இருபது கிலோ.
நேரம் மூன்று நாற்பது.
சீட்டைக் கிழித்து நீட்டினேன்.

சன்னல் வழியாக அவன் திரையை எட்டிப் பார்த்தான்.
பச்சையில் இருபத்திரண்டு வட்டம்,
அந்தரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி.

'யாருக்கா ஜெயிக்கிறது?'

'இன்னும் தோக்கல' என்றேன்.
'நீ எறங்கு, அடுத்த வண்டி ஏறட்டும்.'