மிதவை

எஞ்சின் இறக்கி ஏற்றி இருபத்தாறு நாள்.
போரிங் புதுசு, பிஸ்டன் புதுசு, ரிங் புதுசு.
நாலாய் மடித்து மடித்து
பில் மட்டும் பழசாகிவிட்டது.
எண்பத்தேழாம் வருஷத்துப் பத்மினி
அயனாவரம் சிக்னலில் நிற்கிறது.
பின்னால் ஒரு பள்ளிக்கூட வேன்
கண்ணாடிகளை ஏற்றிக்கொள்கிறது.

'ஆயில் தின்னுதும்மா' என்றார் ஆட்டோக்காரர்.
பச்சை விழுவதற்குள் வால்வு சீல் வரை போய்விட்டார்.
'சோக் மாட்டிக்கிச்சு', இது தண்ணி லாரி கிளீனர்.
'பெட்ரோல்ல தண்ணி', சொன்னது பங்க் ஊழியரே,
குரலைத் தாழ்த்தி.
எங்கள் பிளாட் செயலாளர் நாகபூஷணம்
நோட்டீஸ் போர்டில் நம்பர் போடாமல் எழுதினார்:
சில வாகனங்கள்.

நான் எழும்பூர் கோர்ட்டில் தட்டச்சு செய்கிறவள்.
காதில் விழுவதை அடிப்பேன்,
நம்புவது என் வேலை இல்லை.
புகை என்ன நிறம்?
காலையில் கறுப்பு. பாலம் ஏறினால் நீலம்.
மத்தியானம் வெயிலில்
சாட்சிக்கு நினைவில்லை.

புதுப்பேட்டை ஜபருல்லா
பிளக் நான்கையும் கழற்றி
பழைய பேப்பர்மேல் வரிசையாக வைத்தான்.
தொட்டால் கண்மை மாதிரி ஒட்டியது.
'நாலும் ஒரே கறுப்பு. அப்ப இது சிலிண்டர் இல்ல.'
'ரிங் செட் ஆகணும், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க' என்று
போன வாரம் சொன்னவனும் இவன்தான்.

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
லிட்டருக்கு ஆறரை என்று எழுதியிருந்தேன்.
அதற்குக் கீழே, ஏனோ, ஆயில் குச்சியின் அளவும்.
திங்கள்: கோட்டில்.
வியாழன்: கோட்டுக்கு மேல் ஒரு அரிசி.
ஞாயிறு: இரண்டு அரிசி.
நான் ஒரு சொட்டும் ஊற்றவில்லை.

தின்கிற வண்டியில் எண்ணெய் எப்படி ஏறும்?

ஜபருல்லா நோட்டைப் படிக்கவில்லை.
குச்சியை உருவி மூக்கருகே கொண்டுபோனான்,
பிறகு என் மூக்கருகே.
பெட்ரோல்.

பம்ப்பைக் கழற்றினான், டயாபிரம் கிழியவில்லை.
கார்புரேட்டர் மூடியைத் திறந்தான்.
உள்ளே நெல்லிக்காய் அளவில் பித்தளை மிதவை.
எடுத்துக் காதருகே ஆட்டினான்.
களக்.
தந்தான். நானும் ஆட்டினேன்.
களக், களக்.

மிதக்கத்தான் அதைச் செய்திருந்தார்கள்.
எதன்மேல் மிதக்க வேண்டுமோ
அதையே கொஞ்சம் குடித்துவிட்டு மூழ்கிக் கிடந்திருக்கிறது.
ஊசி மூடவில்லை. பெட்ரோல் வழிந்தது.
அரைகுறையாய் எரிந்தது கறுப்பாக வெளியே போக,
எரியாதது சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு
கீழே எண்ணெயில் இறங்கி,
தண்ணியாய்ப் போன எண்ணெய் மேலே கசிந்து
நீலமாக.
ஆட்டோக்காரர் பொய் சொல்லவில்லை.
கிளீனரும் பக்கத்து வீடு வரை வந்துவிட்டான்.

டீக்கடையில் கண்ணாடி டம்ளரில் வெந்நீர் வாங்கி
மிதவையை முக்கினான்.
பற்றுவைத்த ஓரத்தில் ஒரு குமிழி.
காத்திருந்தோம்.
இன்னொன்று.
டம்ளரைத் திருப்பித் தர வேண்டாம் என்றார் கடைக்காரர்,
முப்பது ரூபாய் கணக்கில் எழுதிக்கொண்டார்.

'எஞ்சின் கட்டும்போதே இதை ஏன் மாத்தல?'
'நல்லாத்தானம்மா இருந்துச்சு.'
அதையும் அடித்துக்கொண்டேன், மனசுக்குள்.

இப்போது பதினொன்றரை தருகிறது.
எண்ணெய் மாற்றியாகிவிட்டது, குச்சி கோட்டில் நிற்கிறது.
பாலம் ஏறும்போது
முன்னால் போகிற பஸ்ஸைவிட
பின்கண்ணாடியைத்தான் அதிகம் பார்க்கிறேன்.
நாகபூஷணத்தின் நோட்டீஸ் இன்னும் போர்டில்,
ஒரு குண்டூசி கழன்று சாய்ந்து.

பழைய மிதவை என் மேஜையில்,
பேனாக்களுக்கு நடுவே.
படுக்கப்போகும் முன் ஒரு தடவை ஆட்டுவேன்.
கொஞ்ச நாள் களக் என்றது,
பிறகு ளக்.
அறையில் லேசாக பங்க் வாசனை.

நேற்று ஆட்டினேன்.
சத்தம் இல்லை.
வந்த வழியிலேயே போயிருக்கிறது.