நூத்தி நாலு

தேசிங்கு தண்ணிக்குள் மைக்கை இறக்கியபோது
கேட்டது மீனல்ல, ஐஸ் கம்பெனி.
துறைமுகக் கரை முழுக்கத் தரையில் கசியும்
கரண்டின் ம்ம்ம்
உப்பனாற்றின் அடிவரைக்கும் போய்ப் படுத்திருக்கிறது.

"இதுக்கு அடியிலதான் கத்தாளை பேசுது.
இத மட்டும் எடுத்துவுடு" என்றான்,
சட்டையில் ஒட்டிய செதிலை எடுக்கச் சொல்வதுபோல.

எடுக்கலாம்.
ஐம்பது ஹெர்ட்ஸை மட்டும் விழுங்கும்
சின்ன சர்க்கியூட் ஒன்று உண்டு.
அதற்கு நான்கு கெப்பாசிட்டர் வேண்டும்,
நான்கும் ஒன்றுபோல.
இம்மி பிசகினாலும் ம்ம்ம்
சந்து பார்த்துத் திரும்பி வந்துவிடும்.

பாண்டியில் நூறு வாங்கி வந்தேன்.
எல்லாவற்றின் முதுகிலும் அதே 104.
பக்கத்தில் ஒரு J,
ஐந்து சதம் முன்னே பின்னே இருக்கலாம் என்று
செய்தவன் முன்கூட்டியே கேட்டுக்கொண்ட மன்னிப்பு.

ஷட்டரை இறக்கினேன். ஃபேனையும் நிறுத்தினேன்.
காற்று பட்டால் எண் நடுங்குகிறது,
விரல் பட்டால் நகர்கிறது.
இடுக்கியால் ஒவ்வொன்றாய் எடுத்து
மீட்டரின் வாயில் வைத்தேன்.
98.7. 101.3. 96.2. மறுபடி 101.3.
முட்டை அட்டையின் குழிகளில்
பென்சிலால் எண் எழுதிப் போட்டேன்.
அறுபதாவதில் கண் எரிந்தது.
எழுபத்து மூன்றாவது கைதவறி
மேசைக்கடியில் ஓடிவிட்டது.
போகட்டும் என்று விட்டேன்.

கடைசியில், 99.8 குழியில் நான்கு.
சரியாக நான்கு.
அஞ்சாலாட்சி, கடையைப் பூட்டு
என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பூட்டவில்லை.
படகில் மதியம் பெட்டி கொதிக்கும்.
விடியலில் ஐஸாய்க் குளிரும்.
அதனால் பாதி குடித்த டீ கிளாஸில்
ஒவ்வொன்றையும் ஒட்டிப் பிடித்து
நூறு எண்ணிவிட்டு மீண்டும் அளந்தேன்.

முதலாவது, 99.4.
இரண்டாவதும்.
மூன்றாவதும் அப்படியே இறங்கிற்று.
நான்காவது ஏறியது.
100.1, 100.3, 100.5.
ஏறிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தது.

உள்ளே சுற்றியிருக்கும் பிலிம் வேறு.
எந்த மூட்டையிலிருந்தோ வந்து கலந்திருக்கிறது.
அதே நிறம், அதே உடம்பு, அதே எண்.
சுடும்போது போகும் திசை மட்டும் வேறு.

டார்ச்சோடு மேசைக்கடியில் மண்டியிட்டேன்.
சாலிடர் துளிகளுக்கும் ஒரு கரப்பான் சிறகுக்கும் நடுவே
எழுபத்து மூன்று.
99.7.
பாயிண்ட் ஒன்று குறைச்சல்தான்.
ஆனால் டீயின் சூட்டில்
மற்ற மூன்றும் இறங்கிய அதே படியில்
அதுவும் இறங்கியது.
அதைத்தான் போட்டேன்.

ஏறிப்போனதைத் தூக்கி எறியவில்லை.
அடுத்த வாரம் ஒரு காலிங் பெல்லுக்குள் வைத்தேன்.
நன்றாகவே அடிக்கிறது.

சிங்காரத்தோப்புக்கு நேரே, ராத்திரி இரண்டு மணி,
இன்ஜினை அணைத்தோம்.
ஹெட்போனை முதலில் நான்தான் மாட்டினேன்.
ம்ம்ம் இல்லை.
அது இருந்த இடம் அப்படியே காலியாக இருந்தது.
பிறகு எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல்
ஏதோ சின்னச் சின்ன உயிர்கள்.
அப்புறம் ஒன்றுமில்லை.

தேசிங்கு வாங்கி மாட்டினான்.
கண்ணை மூடினான்.
கையால் தெற்கே காட்ட ஆரம்பித்தவன்
பக்கத்துப் படகின் விளக்கைப் பார்த்துக்
கையை மடக்கிக்கொண்டான்.

விடிகிறவரை
ஹெட்போனை என்னிடம் திருப்பித் தரவேயில்லை.