அக்டோபரிலிருந்து

கிளீதார்ப்ஸில் கடல் தெருவுக்கு வருவதில்லை.
உப்பைத்தான் அனுப்பும்.
அது அழைப்புமணி அடிக்காமல் வீடு வீடாக நுழைந்து
கீலுக்குள் உட்கார்ந்துகொள்ளும்.
எனக்குச் சோறு போடுவது அந்த உப்பு.

வேனின் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்:
லோர்னா பிளாஞ்சர்ட். பூட்டு, கைப்பிடி, கீல்.
அப்படியும் சிலர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள்,
"அவர் வரலையா?"
அவர் வரமாட்டார். அப்படி ஒருவர் இல்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய், ஹேசல் தார்ன்டைக்கின் போன்.
முன்கதவு திறக்கவில்லையாம்.
எப்போதிலிருந்து?
"அக்டோபர்."
ரசீதுப் புத்தகத்தில் தேதி எழுதப்போன பேனா
கொஞ்சம் நின்றது.
"பின்பக்கமா வாங்க. சந்துல மூணாவது கேட்.
அது எங்க கேட் இல்ல. பரவாயில்ல, தள்ளிட்டு வாங்க."

தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வழி.
குப்பைத்தொட்டிகள், மல்லாந்து கிடந்த ஒரு டிராம்போலின்,
தள்ளியதும் தெருவையே எழுப்பும் மரக் கேட்.
யாருடைய முற்றமோ. கோஸ் பாத்தியை ஒட்டி
நாலு பலகை போட்டிருந்தது, புதுசு.
கடைசிப் பலகையில் கால் வழுக்காதிருக்கக்
கோழிவலை அடித்திருந்தது.
வேலியில் இரண்டு பட்டைகளைக் காணோம்.
அவற்றின் ஆணிகள் பக்கத்திலேயே
ஒரு ஜாம் பாட்டிலில், மூடி போட்டு.

"ரிமான்டாஸ் வீடு. லித்துவேனியாக்காரர்.
இந்த வேலிக்காக ஆறு வருஷம் பேசல."
எவ்வளவு இடம்?
"நாலு அங்குலம்" என்றாள், விரலால் காட்டி.
விரல்கள் நாலு அங்குலம் விரியவில்லை.

கதவைப் பார்த்தேன்.
வெள்ளை பிளாஸ்டிக், மேல்பாதி இரட்டைக் கண்ணாடி,
நடுவே ஈரம் புகுந்து பனிமூட்டம்.
கைப்பிடியைத் தூக்கினேன்.
தூங்கும் குழந்தையின் கைபோல் விழுந்தது.
உள்ளே கியர் பெட்டி போய்விட்டது.
அதைக் கழற்றும் ஸ்க்ரூக்கள் எல்லாம் கதவின் விளிம்பில்.
விளிம்பைப் பார்க்கக் கதவு திறக்க வேண்டும்.
கதவு திறக்க அந்த ஸ்க்ரூக்களைக் கழற்ற வேண்டும்.
இந்த இடத்தில்தான் வழக்கமாகத்
தேநீர் வேண்டுமா என்று கேட்பார்கள்.
கேட்டாள். வேண்டும் என்றேன்.

கைப்பிடி கழன்றது, சிலிண்டரை முறித்தேன்,
டிரில்லால் ஒரு துளை. ஒற்றைக்கண்ணை மூடி
வளைத்த கம்பியால் உள்ளே துழாவினேன்.
ஒருமுறை. இருமுறை. ஒரு கெட்ட வார்த்தை.
பிறகு மேலும் கீழும் கொக்கிகள் விட்டுக்கொடுத்த சத்தம்,
விரல் சொடுக்கியதுபோல.

பெட்டிக்குள் ஒரே ஒரு பல் உடைந்திருந்தது.
பல் போனால் சொல் போகும் என்பார்கள்.
இது வாயையே மூடிக்கொண்டிருக்கிறது.
கதவு மூன்று மில்லிமீட்டர் இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.
தினமும் கைப்பிடியை இழுத்து இழுத்து
கோபத்தையெல்லாம் அந்தப் பல்லின்மேல் போட்டிருக்கிறாள்.
யார்மேல் கோபம் என்று கேட்பது என் வேலையில் சேராது.

கதவு திறந்தது. படியெல்லாம் பாசி.
புதருக்குள் ஓர் அட்டைப்பெட்டி ஊறிக் கஞ்சியாகி,
உள்ளே ஒரு ஜோடி வேலை ஷூ.
"ஐயோ, வரலன்னு சொல்லிப் பணம் திரும்ப வாங்கிட்டேனே!"
வாயைப் பொத்திக்கொண்டாள்.
பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு கசிந்தது.

கீலைத் தூக்கி, அடியில் தகடு வைத்து, புதுப் பெட்டி பொருத்தினேன்.
தூக்கு, திருப்பு, திற.
அவளும் செய்து பார்த்தாள். ஏழெட்டு முறை.
சாவியைத் தன் கொத்தில் மாட்டாமல்
ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

கருவிகளை அடுக்கும்போது வந்து நின்றாள்.
"இன்னொண்ணு. அந்த மரக் கேட்.
மீன் ஆலை ஷிஃப்ட் முடிஞ்சு நாலு மணிக்கு வர்றேன்.
அது கத்துற கத்துல பாவம், முழிச்சுக்கறாரு."

முன்கதவுதான் இப்போது திறக்கிறதே
என்பது என் நாக்கு நுனிவரை வந்தது.
அங்கேயே பூட்டினேன்.

ரசீது:
கியர் பெட்டி ஒன்று. சிலிண்டர் ஒன்று. உழைப்பு இரண்டு மணி.
பின் கேட், எண்ணெய்: கட்டணம் இல்லை.

கோழிவலைப் பலகையில் மண்டியிட்டு
ஒவ்வொரு கீலிலும் மூன்று சொட்டு விட்டேன்.
உள்ளே யாரோ வானொலியைத் தணித்தார்கள்.