சங்கீதக் கதிரை

பயிற்சி வகுப்பில் முதலில் சொல்லித்தந்தது இதுதான்:
'சாமியிடம் போய்விட்டார்' என்று சொல்லக் கூடாது.
'நித்திரை கொள்கிறார்' என்றும் கூடாது,
பிறகு பிள்ளைகள் படுக்கப் பயப்படுவார்கள்.
செத்துப்போனார். அவ்வளவுதான்.
ஒரு கிழமை கண்ணாடிக்கு முன் நின்று பழகினேன்.
வாய் கோணாமல் வர வியாழக்கிழமை ஆனது.

ஓகஸ்ட் விடுமுறை. வெள்ளவத்தையில்
கடற்கரைத் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்
ஒரு பள்ளிக்கூட மண்டபம்.
பதின்மூன்று பிள்ளைகள், ஐந்து நாள், பகல் சாப்பாடு பார்சல்.
படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது:
பிள்ளைக்கு என்ன சொல்லப்பட்டிருக்கிறது?
லதுர்ஷனின் சித்தி ஒரு சொல் எழுதியிருந்தாள்:
கனடா.

நேரசூசியில் சங்கீதக் கதிரையும் இருந்தது.
நான்தான் சிவப்புப் பேனையால் வெட்டினேன்.
ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கதிரையைத்
தூக்கிக்கொண்டு போகிற விளையாட்டு
இவர்களுக்கு எதற்கு?
அதற்குப் பதில் களிமண் போட்டேன்.
'மனசில் இருப்பதைச் செய்யுங்கோ' என்றேன்.
பதின்மூன்று பேரும் பாம்பு செய்தார்கள்.

மூன்றாம் நாள் மழை. மைதானத்தில் குளம்.
அஸ்மிலா எழும்பி, 'டீச்சர், சங்கீதக் கதிரை' என்றாள்.
நான் மெழுகுதிரியைப் பற்றி ஏதோ தொடங்குவதற்குள்
கதிரைகளை இழுத்து வட்டம் போட்டுவிட்டார்கள்.
எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு.
சரியாக, ஒன்று குறைய.

பாட்டு என் போனில்.
மருதானைக் கோச்சி வந்தால் ஒன்றும் கேட்காது.
நின்றதா இல்லையா தெரியாமல்
சிரித்துக்கொண்டு, கதிரை முதுகுகளைத் தொட்டுத் தொட்டுச்
சுற்றிக்கொண்டே இருந்தார்கள்.
நான் நிறுத்தித்தான் இருந்தேன்.
கடைசிப் பெட்டி போகும்வரை சொல்லவில்லை.

வெளியே போன ஒருவரும் அழவில்லை.
சண்டை பிடித்தார்கள்.
'என்ர குண்டிதான் முதலில் பட்டது!'
எடுத்த கதிரைகளை மேடையோரம் அடுக்கினேன்.
ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சூடு.

கடைசியில் லதுர்ஷன் வென்றான், கள்ள விளையாட்டுத்தான்.
நடுமண்டபத்தில் ஒற்றைக் கதிரையில்
கால் நிலத்தில் படாமல் இருந்தான்.
வா என்று விரலால் கூப்பிட்டான். குனிந்தேன்.
'டீச்சர், அப்பா கனடாவில் இல்லை.'
பழகிய வசனத்தைத் தேடினேன்.
'எனக்குத் தெரியும்' என்றான் அவனே.
'சித்திக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவ பாவம்.'

அதற்குள் அஸ்மிலா அவன் மடியில் பாய்ந்தாள்.
அவளுக்கு மேல் இன்னும் இரண்டு பேர்,
பிறகு எல்லோரும்.
யாரோ என் கையையும் பிடித்து இழுத்தார்கள்.
டப்பென்று ஒரு சத்தம்.

பின்னேரம் கந்தோரில் எழுதிக்கொடுத்தேன்:
பிளாஸ்டிக் கதிரை, ஒன்று. கால் உடைந்தது.
காரணம்: அதிகம் பேர் இருந்தது.
அதிபர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு கேட்டார்,
'பதின்மூன்று பேருமா?'

பதினாலு, சேர்.