அறிதுயில்

முர்காபில் மின்சாரம் மாலை ஆறுக்கு வரும்,
ஒன்பதரைக்குப் போய்விடும்.
சில நாள் வராமலே போய்விடும்.
அந்த மூன்றரை மணிக்குள்
ரொட்டி, வெந்நீர், மகனின் வீட்டுப்பாடம்.
மிச்சமிருந்தால் மடிக்கணினி.

வானிலை நிலையம் கொடுத்தது, பழசு.
அதை நான் அணைப்பதில்லை.
மூடியைச் சாத்துவேன், அவ்வளவுதான்.
விளிம்பில் ஒரு வெள்ளைப் பொட்டு
மெல்ல எரியும், மங்கும், மறுபடி எரியும்.
தூங்குகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கம்பளியில் சுற்றி
மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே செருகிவைப்பேன்.
காலையில் திறந்தால்
விட்ட வரியில், விட்ட எழுத்துக்குப் பக்கத்தில்
கர்சர் சிமிட்டிக்கொண்டு நிற்கும்.
அதற்குக் கூலி பதினொரு சதவீதம்.

யாரும் எதுவும் செய்யாத ஓர் இரவுக்கு
பதினொரு சதவீதம்.

கோரோக் சந்தையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தவ்லத்மிர்
போனில் சிரித்தான்.
"அது தூங்கவில்லை, அக்கா.
திரையை மூடிவிட்டது, விசிறியை நிறுத்திவிட்டது.
ஆனால் நீங்கள் பாதியில் விட்டதையெல்லாம்
சிந்தாமல் ஏந்திக்கொண்டிருக்கிறது.
கை நிறையத் தண்ணீர் ஏந்தியவன்
உட்காரலாம், படுக்க முடியுமா?
சேமித்துவிட்டு அணையுங்கள்."

சரி என்றேன்.
அணைக்கவில்லை.

பிப்ரவரி அளவீடுகளைக் கோரோக்கில் ஒப்படைக்க வேண்டும்.
விடிவதற்கு முன் ஜீப்பில் ஏறினேன்.
அலிச்சூர் தாண்டி, கோய்தெசெக் கணவாயில்
டீசல் உறைந்து வண்டி நின்றது.
ஓட்டுநர் ஊதுவிளக்கைப் பற்றவைத்துக்கொண்டு
வண்டிக்கு அடியில் புகுந்தான்.
பின்சீட்டில் நானும்,
கையுறை தொலைத்த ஒரு சிப்பாய்ப் பையனும்.

என் முழங்காலில் ஏதோ சுட்டது.
பை.
குலுங்கிய குலுங்கலில் விழித்திருக்கிறது.
சிக்னலே இல்லாத மலையில்
யாரும் கேட்காத எதையோ
மூடிய பைக்குள் தேடித் தேடிக் கொதித்துக்கொண்டிருந்தது.
எடுத்துத் திறந்தேன்: அறுபத்தாறு.

அணைத்திருக்கலாம்.
பையனின் விரல் நுனிகள் வெள்ளையாகிக்கொண்டிருந்தன.
மூடியைச் சாத்திப் பைக்குள் போட்டு
இருவருக்கும் நடுவே வைத்தேன்.
"கை வை" என்றேன்.
வைத்தான். நானும் வைத்தேன்.
என்ன பேசுவது என்று தெரியாமல்
அவன் தன் ஊர்க் குதிரைகளின் நிறத்தைச் சொன்னான்.
நாற்பது. இருபத்திரண்டு. ஏழு.
பிறகு நடுவே இருந்தது வெறும் பை.

அதற்குள் வண்டி இருமியது.

தவ்லத்மிர் அடிப்பலகையைக் கழற்றினான்.
பாட்டரி புளித்த மாவாய் உப்பியிருந்தது.
"ஒரு நாளில் வந்ததில்லை இது" என்றான்.
"அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து
நூறு வரைக்கும் நிரப்பியிருக்கிறீர்கள்.
உறைந்த உடம்போடு சார்ஜ் போட்டிருக்கிறீர்கள்.
ராத்திரி ராத்திரியாகக் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சுரண்டியிருக்கிறீர்கள்."
ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தேன்.
பொய்யில்லை.

அளவீடுகள் எல்லாம் வட்டில் பத்திரம்.
காற்றின் வேகம், பனியின் ஆழம், ஒரு நாள் விடாமல்.
"தூக்கத்தில் பிடித்து வைத்திருந்தது மட்டும் போயிற்று.
முக்கியமானதா?"

பத்தொன்பது இரவாகத்
திறந்தே கிடந்த ஒரு பக்கம்.
சேமித்தால் பெயர் வைக்கச் சொல்லும்,
மூடினால் வேண்டுமா வேண்டாமா என்று கேட்கும்.
இரண்டுக்கும் பதில் இல்லாததால்
மூடியைச் சாத்திச் சாத்தி வைத்தேன்.
இயக்குநருக்கு இடமாற்ற விண்ணப்பம்.
கோரோக்குக்கு. கீழே. மரம் இருக்கிற ஊருக்கு.

"இல்லை" என்றேன்.

புது பாட்டரி நானூறு சோமோனி.
எண்பதில் நிறுத்தச் சொன்னான், நிறுத்துகிறேன்.
குளிரிலிருந்து வந்ததும் செருகாதீர்கள் என்றான்,
காத்திருக்கிறேன்.
இரவில் முழுக்க அணைக்கிறேன்.
வெள்ளைப் பொட்டு இல்லாத அறை
இவ்வளவு இருட்டு என்று யாரும் சொன்னதில்லை.

விண்ணப்பத்தை மறுபடி எழுத உட்கார்ந்தபோதுதான்
நினைவுக்கு வந்தது:
"மதிப்பிற்குரிய இயக்குநருக்கு" என்பதற்குக் கீழே
நான் எதுவும் எழுதியிருக்கவே இல்லை.