ஒற்றைக் கோடு

குன்னூரில் மழை பெய்கிறதா என்று
உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது.
மூன்று கதவுகள். மூன்றாவதைத் தாண்டினால்
இருபத்தோரு டிகிரி, வருஷம் முழுக்க.
மார்கழி
வெளியே ஆணியில் தொங்கும் ஸ்வெட்டர்களோடு நின்றுவிடும்.

முதல் மாதம் உடுத்தத்தான் படித்தோம்.
எம்.டெக். முடித்த பதினொரு பேர்
கால்சட்டை நுனி தரையில் படாமல்
ஒற்றைக் காலில் தள்ளாடினோம்.
கண்ணாடியில் பார்த்தால் கண்கள் மட்டும்.
யார் கோத்தகிரி, யார் பரமக்குடி, ஒன்றும் தெரியாது.
"கல்விக்கடன் வாங்கின கண்ணை மட்டும்
கண்டுபிடித்துவிடலாம்" என்றான் இம்தியாஸ்.
முகமூடிக்குள் சிரிக்கக் கூடாது, நழுவும்.

பிறகு அந்தப் பத்து லிட்டர் கலன்.
முப்பத்தேழு டிகிரி, என் உடம்புச் சூடு.
உள்ளே செல்கள் சர்க்கரை தின்னும், மூச்சு விடும், இரட்டிக்கும்.
மாதுளைச் சாறு நிறத்தில் கரைசல்.
புளித்தால் மஞ்சளாகும்; புளிக்க விடக் கூடாது.
"பால் காய்ச்சுகிறவள் மாதிரி நிற்காதே பொற்கொடி,
எண்ணைப் பார்" என்பார் ஹெப்சிபா மேடம்.

கலனைவிடக் கஷ்டம் பதிவேடு.
நீல மை. வெள்ளை மை பூசி மறைக்கக் கூடாது.
தப்பாக எழுதினால் அதன்மேல் ஒற்றைக் கோடு,
அடியில் இருப்பது படிக்கிற மாதிரி.
பக்கத்தில் சரியானது, சுருக்கொப்பம், தேதி,
ஏன் என்று நாலு வார்த்தை.
பள்ளிக்கூடத்தில் அழித்துத்தான் மார்க் வாங்கினேன்.
தடுக்கின இடத்தைப் பத்திரமாக வை என்று
எந்த நோட்டும் அதுவரை கேட்டதில்லை.

ஐப்பசி. இரவு ஷிஃப்ட்.
இரண்டு மணிக்கு மாதிரி எடுக்க வேண்டும்.
ஸ்டூலில் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது.
விழித்தபோது இரண்டு ஐம்பது.
மாதுளை ஆரஞ்சாகி
ஆரஞ்சு எலுமிச்சையாகிக்கொண்டிருந்தது.
காரக் குப்பி காலி.
அலாரம் ஊமை,
அதை ஊமையாக்கிய விரல் என்னுடையது.

வெற்றுக் கட்டத்தில் 02:00 என்று எழுதினேன்.
என் கையெழுத்து
அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை.

இது எந்தக் குழந்தையின் தொடையிலும் ஏறப்போவதில்லை.
பயிற்சித் தொகுதி.
எப்படியும் சனிக்கிழமை ஆவியில் கொன்று
வடிகாலில் விடுவார்கள்.
இதையே இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன்.
மூன்றாவது தடவை சொல்லும்போது
கை கோடு போட்டுவிட்டது.
02:50. சு.பொ.
நாலு வார்த்தைக்கு இடமிருந்தது.
'தூங்கிவிட்டேன்' ஒன்றே போதுமாயிருந்தது.

காலையில் மேடம் திட்டவில்லை.
ஆறு பக்கப் படிவம் ஒன்றைத் தந்தார்.
அது ஐந்து முறை ஏன் கேட்கும்.

ஏன் தாமதம்? தூங்கினேன்.
ஏன் தூங்கினாய்? முந்தின ஷிஃப்டும் நானே.
ஏன் நீயே? இம்தியாஸ் வரவில்லை.
ஏன் வரவில்லை? பர்லியாரில் மண் சரிந்து
மேட்டுப்பாளையம் பஸ் நின்றுவிட்டது.
ஏன் சரிந்தது?

இதை எழுதப் பேனா வேகமாக ஓடியது:
சாலையை அகலமாக்க
மலையின் அடியை வெட்டி எடுத்ததால்.

ஹெப்சிபா மேடம் அதைப் படித்தார்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தார்.
'நிலையத்தின் வரம்புக்கு வெளியே' என்று ஓரத்தில் எழுதி,
சுருக்கொப்பம் வைத்து, தேதி போட்டு,
என் வரியின்மேல் ஒரே ஒரு கோடு இழுத்தார்,
மெல்லியதாய்,
விதிப்படி,
அடியில் இருப்பது படிக்கிற மாதிரி.